மாமாவுக்கு வாங்கிய வைக்கோல்

1

மாடு இல்லாத வீட்டுக்கு வைக்கோல் வரக் கூடாது. நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்தொன்பது வருஷம் ஆகிறது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெள்ளிக்கிழமை எதைத் துடைக்கக் கூடாது, அமாவாசைக்கு எந்தக் காய் சமைக்கக் கூடாது, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவனை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, எல்லாம் சொல்லித் தந்தார்கள். வைக்கோலை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் விழுந்தது அதில்தான்.

தமயந்தி இந்தியாவில் என்னதான் செய்கிறாள் என்று அங்கே மலேசியாவில், கிள்ளானிலும் பந்திங்கிலும் என் அண்ணனைப் பிடித்துக் கேட்கிறீர்களாம். சொல்கிறேன். வல்லம் வடகாலில், தொழிற்பேட்டை மதிலிலிருந்து நாலு தெரு தள்ளி, மாடி அறைகளை வெளியூர்ப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட ஒரு வீட்டில் இருக்கிறேன். விடியும்போது என் புருஷன் தயாளனை முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு அனுப்புகிறேன். பிறகு மகள் ஷாலினியைத் தண்டலத்துப் பக்கம் கல்லூரிக்கு அனுப்புகிறேன். இருவரும் போன பிறகு என் மாமனார் ஏகாம்பரத்தைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டுகிறேன். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். வலது கையும் காலும் போயின. நாக்கில் பாதி போயிற்று. போனது நல்ல பாதி.

2

நானும் தயாளனும் ஷா ஆலாமில் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். அவர் ஒப்பந்தத்தில் வந்தவர், நான் தரம் பார்க்கும் பிரிவு. ஒப்பந்தம் முடிந்ததும், ஒரகடத்தில் கம்பெனிமேல் கம்பெனி வருகிறது, அங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்றார். தமிழ் பேசுகிற ஊர்தானே என்று துணிந்து வந்தேன். அந்தத் துணிச்சல் முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

புது மருமகளைப் பார்க்க வந்த கூட்டத்தில் மாமனாரின் தம்பியும் இருந்தார். நாம் நம் ஊரில் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டேன்: "சின்ன மாமா, தண்ணி கலக்கட்டுமா?"

நமக்கு அது மைலோ, கோப்பி. இங்கே தண்ணி கலக்குவது என்றால் சாராயத்தில் சோடா ஊற்றுவது. சின்ன மாமா கண் கலங்கச் சிரித்து, "சோடா கீதா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. என் மாமனார் மட்டும் சிரிக்காமல், "ஊத்திக் குடுத்த வூட்ல வளந்தவ போல கீது" என்றார். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இந்த மனுஷனுக்குச் சிரிக்கத் தெரியாது என்றில்லை, சிரிப்பை வீணாக்க மாட்டார் என்று.

காகிதமும் என்னைச் சும்மா விடவில்லை. என் பாஸ்போர்ட்டில் தமயந்தி ஏ/பி முனியாண்டி என்றிருக்கும். அனாக் பெரெம்புவான், முனியாண்டியின் மகள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்த ஊழியர், "ஆந்திராவாம்மா?" என்றார். நான் மலேசியா என்றேன். அப்புறம் ஏபி எதற்குப் போட்டிருக்கிறது என்று கோபித்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆந்திரப் பிரதேசத்தையும் ஏற்றிவிட்டார். இன்றைக்கும் ஒரு காகிதத்தில் நான் முனியாண்டியின் மகள், இன்னொன்றில் ஒரு மாநிலம்.

வாயைத் திறந்தால் சிரிப்பு, மூடிக்கொண்டால் திமிர். மகளாவது நம் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். ஷாலினி, சிநேகிதிகள் வீட்டுக்கு வரும்போது என்னைப் பேச வேண்டாம் என்கிறாள். "நீ பேசுனா டப்பிங் படம் மாதிரி கீதும்மா." நம் ஊர்ப் பேச்சு அவளுக்குத் தெரியாது என்றில்லை. என்னைப் போலவே பேசிக் காட்டி அத்தை வீட்டில் எல்லாரையும் சிரிக்கவைப்பாளாம்.

3

இனி மீன் தொட்டி. தயாளனின் கம்பெனி வரவேற்பறையில் இருந்தது அது. அதை ஆசையாக வைத்திருந்த கொரிய மேலாளர் நாட்டுக்குத் திரும்பிய பிறகு யாருக்கும் வேண்டாமல் போயிற்று. படுத்தே கிடக்கும் அப்பா பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று தயாளன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கு நேரே ஜன்னலடியில்தான் இடம் இருந்தது, அங்கே வைத்தோம். ஐந்து தங்கமீன், ஒரு கறுப்புச் சக்கர் மீன். சக்கர் பாசியை எல்லாம் தின்றுவிடும் என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான். அதுவும் இந்த வீட்டு ஆம்பிளைகளைப் போலத்தான், போட்டதைத் தின்றுவிட்டு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மாமனாருக்குத் தொட்டி பிடித்துப்போயிற்று. வெள்ளை வால் கொண்ட பெரிய மீன் ஒன்று, சின்னதைத் துரத்தித் துரத்தி வாலைக் கடிக்கும். அதைப் பார்க்கும்போதுதான் அவர் முகத்தில் வேலை செய்கிற பாதி மலரும். சின்ன மீனைத் தனியாக எடுத்து வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். கூடாது என்று கட்டில் சட்டத்தில் இடது கையால் அடித்தார்.

சித்திரை வெயில் ஜன்னல் வழியே நேராகத் தொட்டியில் விழுந்தது. தண்ணீர், கீரை மசித்துக் கரைத்தது போல் பச்சையாகிவிட்டது. மீன் ஒன்றும் தெரியவில்லை. மாமனார் காலையிலிருந்து சட்டத்தை அடிக்க ஆரம்பித்தார். "மீனு எங்கமே? வறுத்துத் துன்னுட்டியா?" தண்ணீரை மாற்றினேன், வாரம் திரும்புவதற்குள் மறுபடி பச்சை. ஜன்னலுக்குத் துணி கட்டினேன். இருட்டில் என்னைப் புதைக்கிறாள் என்றார். கடையில் ஒரு மருந்து கொடுத்தான். அதை ஊற்றியதில் சின்ன மீன் செத்து மிதந்தது, பச்சை அப்படியே இருந்தது.

அப்போதுதான் கிள்ளானில் நான் பள்ளி முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்த மீன் கடை நினைவுக்கு வந்தது. கடை முதலாளி, தவுக்கே, தொட்டிகளில் மருந்தே ஊற்ற மாட்டார். இங்கிலாந்திலிருந்து வரும் பார்லி வைக்கோலை ஒரு வலைப்பையில் போட்டு, காற்றுக் குமிழி வரும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவார். காற்றும் வெளிச்சமும் பட்டு அது மெதுவாக மக்க மக்க, புதுப் பாசி பிடிக்காது. இருக்கிற பாசியைக் கொல்லாது. அது தானாக ஓயும். ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதிகம் போட்டால் மீனுக்கு மூச்சு முட்டும், ஒரு பிடி போதும். பார்லிக்கு நான் எங்கே போவேன். நெல்லும் அதன் பங்காளிதானே, முயன்று பார்ப்போம் என்று நினைத்தேன்.

4

வல்லத்தில் இப்போது கார் கிடைப்பது சுலபம், வைக்கோல் கிடைப்பது கஷ்டம். ஊர்க் கடைசியில் ஒரு பால்காரர் இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறார். அவருக்கே உத்திரமேரூர்ப் பக்கமிருந்து லாரியில்தான் வைக்கோல் வருகிறது. ஒரு பிடி போதும் என்று கேட்டேன். "புடி வக்கோலா? அத வெச்சி பல்லு குத்தப் போறியா? கட்டா எடுத்துனு போமா" என்று ஒரு முழுக் கட்டை என் ஸ்கூட்டியில் ஏற்றிவிட்டார். தெருத் தெருவாக அதை ஓட்டிக்கொண்டு வந்து, வாசல் கேட்டில் சாய்த்துவிட்டுச் சாவியைத் தேடினேன்.

எதிரே செல்வி அக்கா, ஷிப்டுக்குப் போகிற பையன்களுக்கு இட்லிக் கடை போட்டிருப்பவள். நல்ல மாதிரிதான். ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா மலேசியா, மாடு வாங்கிகிறியா?"

"மாடெல்லாம் இல்லக்கா."

"அப்ப வக்கோலு யாருக்கு?"

"மாமாவுக்குத்தான்."

செல்வி அக்காவின் கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, எத்தினி நாளு ஆவும் என்று கேட்டாள். தொட்டியைப் பற்றித்தான் கேட்கிறாள், இவளுக்கும் இந்த வைத்தியம் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

"ஒரு மாசத்துல முடிஞ்சிடும்க்கா. ஆனா இப்பவே ரெடி பண்ணி வெச்சாத்தான் சரியா இருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று பிறகு சொன்னார்கள்.

இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தேடுவது வைக்கோல். பாடையில் பரப்ப வேண்டும். சாவு மேளக்காரர்கள் தெருவில் அதைக் கொளுத்தித் தோலைக் காய்ச்ச வேண்டும். சுடுகாட்டில் வறட்டி அடுக்கி, அதன்மேல் வைக்கோல் மூடி மண் பூச வேண்டும். மாடு வைத்திருக்கிற வீட்டு வாசலில் வைக்கோல் இருந்தால் மாட்டுக்கு. இல்லாத வீட்டு வாசலில் இருந்தால், அது முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டின மாதிரி. நான் பேனரும் கட்டி, தேதியும் சொல்லியிருந்தேன்.

5

பின்கட்டில் பெரிய பானை வைத்து, பூச்சிமருந்து இருந்தால் போகட்டும் என்று ஒரு பிடி வைக்கோலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒப்பாரி கேட்டது. அடுத்த வீட்டில் யாருக்கோ என்று நினைத்து அடுப்பைத் தணித்தேன். ஒப்பாரி எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டது.

தண்டலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் நாத்தனார் கஸ்தூரி. நான் சொன்ன ஒரு மாசம், தண்டலம் போய்ச் சேருவதற்குள் இன்றைக்கே என்று சுருங்கியிருந்தது. அப்பாவைப் பார்க்க வந்து பல மாதம் ஆயிருந்தது. தீபாவளிக்குக்கூட வீடியோ காலில்தான் காலில் விழுந்தாள். வேலை பார்க்கிற கம்பெனி லைனில் பாதி ஷிப்டை விட்டுவிட்டு, யூனிபாரத்தோடு, கையில் ரோஜா மாலையோடு ஓடி வந்திருக்கிறாள். பின்னால் அவள் புருஷன், செல்வி அக்கா, இன்னும் தெருவில் பாதிப் பேர்.

மாமனார் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். மகளைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"யாருடி பூட்டாங்க?" என்றார்.

கஸ்தூரியின் ஒப்பாரி பாதி வரியில் அறுந்தது. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். உயிரோடிருப்பவருக்குச் சாவு மாலை போட முடியாது, சாமி படத்துக்கும் ஆகாது, கடைக்காரனும் திரும்ப வாங்க மாட்டான். கடைசியில் அவள் புருஷன் அதைத் தெருவில் வைக்க, செல்வி அக்காவின் ஆடு தின்றது. கல்லூரியிலிருந்து வந்து நின்ற ஷாலினி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

யார் சொன்னது என்று கஸ்தூரி கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்கட்டு வாசலில், சொட்டச் சொட்ட வெந்த வைக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் தொட்டிக்கு என்றேன். மீனு வக்கோல் துன்னுமா என்று செல்வி அக்கா உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். இல்லை, தண்ணீரில் போட்டால் அழுகும், அழுகினால் தண்ணீர் சுத்தமாகும் என்று விளக்கினேன். சொல்லும்போதே என் காதுக்கும் அது பொய்யாகத்தான் கேட்டது.

மாமனார் வாயைத் திறந்தார். இரண்டு வருஷமாகக் குழறிக்கொண்டிருந்த நாக்கு, பாவி, அன்றைக்கு ஓர் எழுத்து பிசகவில்லை.

"என்னிய கொளுத்த வாங்கினு வந்துகிறா."

கஸ்தூரி கட்டிலடியில் உட்கார்ந்து, இந்த முறை நிஜமாகவே அழுதாள். அவர் தலையைத் தடவினாள், ஜூஸ் வாங்கி வரச் சொல்லி ஊட்டினாள், இருட்டுகிறவரைக்கும் போகவில்லை.

6

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கஸ்தூரி வந்தாள். அவளைத் தொடர்ந்து சின்ன மாமா வந்தார், பங்காளிகள் வந்தார்கள், நான் பார்த்தேயிராத சொந்தமெல்லாம் வந்தது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மாமனார் அந்த வரியைச் சொன்னார். சொல்லச் சொல்ல மெருகேறிற்று. "வக்கோல வேக வெச்சிப் பதம் பாத்தா, அடுத்தது என்னியதான்." ஆள் இருக்கும்போது நான் கஞ்சி கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். கஸ்தூரி கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தானே ஊட்டுவாள். எல்லாரும் போன பிறகு என் கையால் இரண்டு கிண்ணம் குடிப்பார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். படுத்துக் கிடக்கிறவன் புளுகுக்கு ஆயுசு அதிகம்.

தெரு என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. அது என்னைப் பற்றி என்றைக்கு நல்லதாக நினைத்தது? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் புருஷனும் என் மகளும், அந்தக் கிழவரின் சாவுக்கு நான் காத்திருக்கவில்லை என்று நம்ப வேண்டும். மலத்தை அள்ளிப் போடுகிற கைக்கு அவ்வளவாவது கிடைக்கக் கூடாதா?  தயாளன் ஓ.டி. என்றும் டார்கெட் என்றும் ஷிப்டுக்குள் புகுந்துகொண்டார். நானும் கேட்கவில்லை. தண்ணீர் தெளியட்டும், தண்ணீரே பேசும் என்றிருந்தேன்.

வைக்கோல் முதலில் தண்ணீரை, பால் விடாத தே ஓ நிறத்துக்குக் கொண்டுவந்தது. பாதியை எடுத்தேன். காற்றுக் குழாயைக் கூட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை விட்டது. ஒருநாள் மத்தியானம் வெயில் தொட்டிக்குள் புகுந்து பின்பக்கத்துச் சுவர் வரைக்கும் தெரிந்தது. மீன் ஒவ்வொன்றும் செதில் செதிலாகத் தெரிந்தது. தவுக்கே உயிரோடிருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

கூடத்தில் நானும் மாமனாரும் மட்டும். அவர் நெடுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா தெளிஞ்சிட்ச்சி" என்றார்.

கட்டிலருகே போய் நின்றேன். "மாமா, இதுக்குத்தான வாங்குனேன். உங்களுக்கே தெரியுதில்ல. இத கஸ்தூரி அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

வேலை செய்கிற பாதி முகத்தால் சிரித்தார். "எனுக்குத் தெரியும்மே. அன்னிக்கே தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சொல்லிட்டா, அவ அப்பால வருவாளா?"

 அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மகள் வருவதற்கு ஒரு கொலைகாரி வேண்டும், வீட்டில் ஒருத்தி சும்மா இருக்கிறாள். திரும்பினால் அறை வாசலில் ஷாலினி, ஒரு காதில் மட்டும் ஹெட்செட். முழுவதும் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நெஞ்சு துள்ளிற்று. அத்தையிடமும் அப்பாவிடமும் கேட்டதைச் சொல் என்றேன்.

"வுடும்மா. தாத்தாவுக்கு வேற இன்னா டைம்பாஸ் கீது" என்று சொல்லிவிட்டு மறு காதையும் அடைத்துக்கொண்டாள். அவளை நான் சுமந்தபோது இவ்வளவு கனம் இல்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். அப்பாவை அவள் வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று சின்ன மாமா கேட்டார். லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்று முடித்துவிட்டாள். இனி அப்பாவின் சாப்பாட்டை நான் தொடக் கூடாது. ஆள் ஒருத்தியை வைக்கலாம். அவள் வரும்வரை ஷாலினி ஊட்டட்டும். நான் ஓர் ஆறு மாதம் என் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நல்லது. இத்தனையும் கோபமே இல்லாமல், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் முதுகுக்குப் பின்னால் தொட்டி கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தயாளன் எதற்கும் தலையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

மறுநாள் காலை முதல் ஷிப்ட். ஷாலினி எழுந்திருக்கவில்லை, தாத்தாவுக்கு ஊட்டுவதாக ஒத்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமையோடு சரி. தயாளன் கூடத்தில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிற்று. மாமனார் கண்ணை மூடிக் கிடந்தார். நிஜமாகத் தூங்கினால் குறட்டை விடுவார், அன்றைக்கு விடவில்லை.

தயாளன் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தமா, நெசமா சொல்லு. மீனுக்குத்தான் வாங்குனியா?"

ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குப் பதிலை நான் தயாராக வைத்திருந்தேன். கிள்ளான் கடை, தவுக்கே, இங்கிலாந்து வைக்கோல், தொட்டியைப் பார்த்து அவர் அப்பா சொன்னது, மகள் அதைக் கேட்டது, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் "நெசமா" என்று ஆரம்பித்தபோது அது அத்தனையும் சரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் கூட இருந்தவர் கேட்கிறார்.

"வாங்குறப்ப மீனுக்குத்தான் வாங்குனேன்" என்றேன்.

'வாங்குறப்ப' என்ற சொல்லில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.  முனையில் பஸ் ஹாரன் அடித்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

கஞ்சியை ஆற்றிக் கட்டிலருகே கொண்டுபோனேன். மாமனார் கண்ணைத் திறந்திருந்தார். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். ஷாலினி உள்ளே தூங்குகிறாள், கூடத்தில் பார்க்க ஓர் ஆள் இல்லை, தெருவில்கூட யாருமில்லை. ஆனாலும் அவர் கரண்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது முதல் தடவையாக, வாயைத் திறக்கவில்லை.